ஷாபியாவில் ஒரு கொடைக்கானல் கான்வென்ட்

அபுதாபியின் முசஃபா ஷாபியாவில், கராக் டீக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே நிற்கிற அந்த மஞ்சள் கட்டடத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சம்பளம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத மாதிரி இருப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்தால்தானே லிஃப்டில் அவளைப் பார்த்து எந்த மொழியில் சிரிப்பது என்று முடிவு பண்ண முடியும்?

அந்த வகையில் ஐந்தாம் மாடி வசந்தகுமாரியின் இடம் உச்சாணிக் கொம்பு. கொடைக்கானல் கான்வென்ட். அதுவும் போர்டிங். பனி, பைன் மரம், முட்டி வரைக்கும் சாக்ஸ், ஞாயிற்றுக்கிழமை கேக். இத்தனையும் அவள் வாயால் சொல்லியே கட்டடத்துப் பெண்களுக்கு மனப்பாடம்.

உண்மை என்ன என்று கேட்டால், வசந்தகுமாரி கொடைக்கானலுக்குப் போனது உண்மை. பத்தாம் வகுப்பில், அறந்தாங்கிப் பக்கத்து அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து டூர் போனாள். புளியோதரை பொட்டலத்தோடு பஸ் ஒரு வளைவில் நின்றது. எதிரே ஒரு கான்வென்ட். அதன் கேட்டுக்கு முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேட் பூட்டியிருந்தது. அவ்வளவுதான் அவளுக்கும் கான்வென்டுக்கும் உள்ள தொடர்பு. கேட்டுக்கு வெளியே நின்றவள், துபாய் ஏர்போர்ட்டில் இறங்கி அபுதாபி வந்து சேர்வதற்குள் எப்படியோ உள்ளே போய்விட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. குடிவந்த புதிதில் மூன்றாம் மாடி சந்தியா லிஃப்டில் வைத்து, தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்து, "விச் ஸ்கூல் ஆர் யூ ஃப்ரம்?" என்று கேட்டாள். சந்தியா சென்னைக்காரி. அவளும் கான்வென்ட்தான். பெயரைச் சொன்னால் அலட்டலாகத் தெரியும் என்பதால் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். அப்படிக் கேட்கிறவளிடம் அறந்தாங்கி என்று சொல்ல வசந்தகுமாரிக்கு நாக்கு வரவில்லை. "கொடைக்கானல்" என்று வந்துவிட்டது. "கான்வென்ட்" என்று அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்துவிட்டது. மூன்றாம் மாடி வருவதற்குள் "போர்டிங்" என்பதும் சேர்ந்துகொண்டது. சந்தியா இன்னும் இரண்டு மாடி கூட வந்திருந்தால் ஊட்டியில் ஒரு எஸ்டேட்டும் வாங்கியிருப்பாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்றுவது சொல்வதை விடக் கஷ்டம். ஆனால் வசந்தகுமாரி கெட்டிக்காரி. கான்வென்டில் படித்தவள் ஏன் இங்கிலீஷில் பேசுவதே இல்லை என்று யாராவது கேட்பதற்கு முன்பே பதிலை வைத்திருந்தாள். "எம் பொண்ணு தமிழை மறந்துடக் கூடாது பாருங்க. அதனால வீட்லயும் வெளிலயும் நான் தமிழ்தான். பேசிக்கலி, ஐ லவ் தமிழ்." இதைக் கேட்டுத் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பொங்கலுக்கு அவளுக்கு ஒரு ஷீல்டு வேறு கொடுத்துவிட்டார்கள்.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. பள்ளிக்கூடத்துச் சர்க்குலர் வந்தால் கட்டடத்துப் பெண்கள் அவளுக்குத்தான் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அவள் மகள் சுஷ்மிதாவைக் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு சரியாப் படிக்கிறியான்னு பார்க்கலாம்" என்று படிக்கவைத்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, பதில் அனுப்புவாள். சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. இரண்டாம் மாடி பானுமதி லுலுவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது 'சால்மன்' என்று சொன்னதை நாலு பேர் முன்னால் "சாமன் அக்கா, எல் சைலன்ட்" என்று திருத்தினாள். பானுமதி அன்றையிலிருந்து வஞ்சிரம்தான் வாங்குகிறாள்.

இப்படிச் சுபமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் சந்தியா தன் மகனை இந்தியப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கூடத்தில் போட்டாள்.

மூன்றாம் மாடி போட்டால் ஐந்தாம் மாடி சும்மா இருக்குமா? சுஷ்மிதாவும் போனாள். ஐந்தாம் மாடி போன பிறகு பானுமதி மட்டும் என்ன செய்வாள், அவளும் கடைக்குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நாலாம் மாடி ஜெயலட்சுமி யாராவது முதலில் போகட்டும் என்று காத்திருந்து கடைசியாகச் சேர்ந்தாள். கணவன்மார்கள் நாலு பேரும் கீழே கார் பார்க்கிங்கில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

முதல் மாதமே அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு மெயில் வந்தது. குழந்தைகளுக்கு இந்தப் பருவத்தில் சொல்லிக்கொடுக்கிற இலக்கணச் சொற்கள் இவை. வீட்டில் நீங்களும் இவற்றைப் பயன்படுத்திப் பேசி உதவுங்கள் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். கீழே பார்த்தால் சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், மெயின் கிளாஸ், சபார்டினேட் கிளாஸ், டிடர்மினர், ஃப்ரண்டட் அட்வெர்பியல் என்று நீண்டுகொண்டே போயிற்று. வீட்டில் பயன்படுத்திப் பேச வேண்டுமாம். "சபார்டினேட் கிளாஸை எடுத்து டைனிங் டேபிள் மேல வைடி" என்றா பேசுவது?

கட்டடத்து வாட்ஸாப் குழுவில் முதலில் பானுமதிதான் அழுதாள். 'இது என்ன நோயி பேரு மாதிரி இருக்கு' என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாள். ஜெயலட்சுமி தன் கணவர் பாங்கில் மேனேஜர், அவருக்கே தெரியவில்லை என்று எழுதினாள். அப்போது சந்தியா ஒரு புன்னகைப் பொம்மையோடு வந்தாள்.

'எதுக்கு டென்ஷன்? நம்ம வசந்தி இருக்காங்களே. கொடைக்கானல் கான்வென்ட்! சனிக்கிழமை காலையில வசந்தி வீட்லயே ஒரு கிளாஸ் வெச்சிக்கலாம். ஸ்நாக்ஸ் நான் கொண்டு வர்றேன்.'

பார்த்ததுமே வசந்தகுமாரிக்குப் புரிந்துவிட்டது. இது சமோசா கொண்டுவருகிற புன்னகை இல்லை. ஆறு வருஷமாகச் சந்தியாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கான்வென்டில் படித்தவள் "ஆக்சுவலி", "பேசிக்கலி"க்கு அப்பால் ஏன் போவதே இல்லை என்று ஒரு சந்தேகம். அதை இப்போது தட்டில் வைத்து, மேலே கொத்தமல்லி தூவி அனுப்பியிருக்கிறாள்.

மறுத்தால் மாட்டிக்கொள்வாள். வகுப்பெடுத்தாலும் மாட்டிக்கொள்வாள். சந்தியா கேலி செய்வாள், பானுமதி சால்மனுக்குப் பழிவாங்குவாள், அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சுஷ்மிதாவை நினைத்தால்தான் உயிர் போனது. அந்தப் பெண் புதுப் பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையில், தன் அம்மா மேகங்களுக்கு நடுவே ஒரு போர்டிங் ஸ்கூலில் வளர்ந்தவள் என்று எழுதி, படமும் வரைந்து, அது வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து அம்மாவை எப்படி இறக்குவது?

'ஷ்யூர்' என்று பதில் அனுப்பினாள். எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பக்கூடிய பதில் அதுதான்.

அன்று சாயங்காலம் கணவர் கௌரிசங்கர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். கௌரிசங்கர் முசஃபாவில் இரும்பு ஃபேப்ரிகேஷன் யார்டு ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர்.

"என்னங்க, ஃப்ரண்டட் அட்வெர்பியல்னா என்ன?"

"எந்தக் கம்பெனி ஸ்பேர் பார்ட்டு?"

"இங்கிலீஷ் கிராமருங்க!"

"அப்ப எனக்கெப்படித் தெரியும்? நான் யார்டுல இங்கிலீஷா பேசறேன்? 'பாய், திஸ் வெல்டிங் மாஃபி குட், டுமாரோ இன்ஸ்பெக்ஷன், ஜல்தி கரோ, கலாஸ்.' இதுல எங்க இருக்கு உன் அட்வெர்பியல்? வெள்ளைக்காரன் இன்ஸ்பெக்டருக்கே இது புரியுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்."

"சந்தியா என்னை மாட்டி விடறாங்க."

"நீ கேட்டுக்கு வெளிய நின்னு போட்டோ எடுத்ததோட நிறுத்தியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். புருஷன் என்பவன் உதவுவான் என்று யார் சொன்னது?

மகளிடம் போனாள். நேரடியாகக் கேட்க முடியுமா? "சுஷ், மம்மிக்குச் சொல்லிக் காட்டு, சபார்டினேட் கிளாஸ்னா என்ன? உனக்குத் தெரியுதான்னு பார்க்கறேன்" என்றாள்.

"ஐ டோன்ட் நோ, மம்மி. ஐ ஜஸ்ட் ரைட் இட்."

"தெரியாம எப்படி எழுதறே?"

"தெரியாமத்தான் எழுதறேன். நீ ஸ்கூல்ல எப்படி எழுதினே?"

அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்ப்பது ஆபத்து என்று வசந்தகுமாரிக்குப் பட்டது.

யூட்யூப்பில் ஒரு வெள்ளைக்கார டீச்சர் பொம்மைகளை வைத்துச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாள். சிரிப்பு மட்டும் புரிந்தது. மூன்று வீடியோ பார்த்த பிறகு தலைவலி வந்தது. நாலாவது வீடியோவில் அந்த டீச்சர் ஒரு வாக்கியம் எழுதினாள். 'மழைக்குப் பிறகு, நாய் தோட்டத்தில் தூங்கியது' என்பதற்கான இங்கிலீஷ். முதல் பகுதியைச் சிவப்பில் கோடிட்டு, இது எப்போது என்று சொல்கிறது, வாக்கியத்தின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, இதுதான் ஃப்ரண்டட் அட்வெர்பியல் என்றாள்.

வசந்தகுமாரி போனை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

"அடச்சே!" என்று வாய்விட்டுச் சொன்னாள். "இது நம்ம 'ஏ'!"

இதைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் இரண்டாம் தாள் எழுதியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஸ்.வி.ஓ.சி.ஏ. என்ற ஐந்து எழுத்து: சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்க்ட். எந்த இங்கிலீஷ் வாக்கியத்தைக் கொண்டுவந்து போட்டாலும் கோழியைத் துண்டு போடுவது மாதிரி போட்டு, இது எஸ், இது வி, இது ஓ என்று பெயர் வைத்துவிடலாம். வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டியதில்லை. பேசத் தெரிய வேண்டியதே இல்லை. வசந்தகுமாரி அதில் புலி. அவளுடைய பள்ளியில் இங்கிலீஷில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது, வாத்தியார் உட்பட. ஆனால் காம்ப்ளெக்ஸ் சென்டன்ஸைச் சிம்பிள் சென்டன்ஸாக மாற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார்கள்.

பள்ளிக்கூடத்து மெயிலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவைதான். சப்ஜெக்ட் தெரியும். மெயின் கிளாஸ் தெரியும். சபார்டினேட் கிளாஸ் என்பது தனியாக நிற்கத் தெரியாமல் மெயின் கிளாஸின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு திரிகிற கிளாஸ். டிடர்மினர் என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போகிற டவாலி. புதுப் பெயர் வைத்தால் பழைய ஆள் தெரியாமலா போய்விடும்?

கௌரிசங்கருக்கு அன்று இரண்டு முட்டையோடு தோசை கிடைத்தது. காரணம் கேட்டார். சொன்னாள். அவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார்.

"வசந்தி, ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நல்லா எடுக்காதே."

"ஏங்க?"

"எங்க யார்டுல ஒரு கான்வென்ட் பையன் இருக்கான். சும்மா பொளந்து கட்டுவான் இங்கிலீஷ்ல. ஒருநா அவன்கிட்ட பாஸிவ் வாய்ஸ்னா என்னன்னு கேட்டேன். மெதுவாப் பேசறதான்னு கேட்டான். கான்வென்ட்ல படிச்சவங்களுக்குப் பேசத் தெரியும். பேரெல்லாம் தெரியாதுடி. பேரு தெரிஞ்சா அது நம்ம ஆளு."

"உங்களுக்குப் பொறாமை" என்றாள் வசந்தகுமாரி. ஒரு முட்டைத் தோசை வீணாய்ப் போனதே என்று அவளுக்கு வருத்தம்.

சனிக்கிழமை காலையில் ஹாலில் சோபாவுக்கு உறை மாற்றி, ஏ.சி.யைக் குறைத்து, சுஷ்மிதாவின் சின்ன ஒயிட்போர்டைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பானுமதி முதலில் வந்தாள். வந்ததும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, என்ன குழம்பு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தாள். ஜெயலட்சுமி பேனாவோடு வந்தாள். சந்தியா கடைசியாக, கசங்காத லினன் சட்டையும் சமோசா டப்பாவுமாக வந்து, நேர் எதிரே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். சர்க்கஸில் கயிற்று மேல் நடக்கிறவளைப் பார்க்க முன்வரிசை டிக்கெட் வாங்கியவள் மாதிரி ஒரு முகம்.

"ஸ்டார்ட் பண்ணலாமா மேடம்? இங்கிலீஷ்லயே எடுங்க வசந்தி. நமக்கும் பிராக்டிஸ் ஆகும்."

"நோ நோ சந்தியா. பேசிக்கலி, தாய்மொழியில சொன்னாத்தான் மனசுல நிக்கும். அட்வான்ஸ்டு கன்ட்ரிலெல்லாம் இப்ப இதான்."

பானுமதி பலமாகத் தலையாட்டினாள். முதல் பந்தைத் தடுத்தாகிவிட்டது.

வசந்தகுமாரி போர்டில் எழுதினாள். 'பானுமதி குக்டு பிரியாணி இன் தி கிச்சன்.' அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டினாள். 'இன் தி கிச்ச'னைத் தூக்கி முன்னால் வைத்து, அதன் பின்னால் ஒரு கமா போட்டு, "இப்ப இதுதான் ஃப்ரண்டட் அட்வெர்பியல். பெரிய விஷயமே இல்ல, வால்ல இருந்தது தலைக்கு வந்திருக்கு" என்றாள். ஜெயலட்சுமி 'வாவ்' என்று எழுதியே வைத்துக்கொண்டாள். அடுத்து வசந்தகுமாரி, 'கிச்சனில் இருந்தாலும் பானுமதி போனைப் பார்க்கிறாள்' என்று சபார்டினேட் கிளாஸுக்கு ஓர் உதாரணம் சொன்னாள். பானுமதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பாதி புரிந்தது, மீதி புரிந்த மாதிரி இருந்தது. சந்தியாவின் கால் கீழே இறங்கியது. அவள் முகத்தில் டிக்கெட் காசு வீணாய்ப் போன வருத்தம் தெரிய ஆரம்பித்தது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். சமோசாவைச் சாப்பிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் புலிக்கு ரத்த வாசனை தெரிந்துவிட்டால் அது டீ பிரேக்குக்கு நிற்குமா? "ஒரு கஷ்டமான சென்டன்ஸ் பார்ப்போம்" என்று வசந்தகுமாரி போர்டை அழித்து எழுதினாள். 'தி சன் மேட் தி கார் ஹாட்.'

"சூரியன் காரைச் சூடாக்குச்சு. நம்ம பார்க்கிங்ல தினமும் நடக்கறதுதான். பானுக்கா, நீங்க சொல்லுங்க. ஹாட்ங்கிறது என்ன?"

"சூடு."

"அர்த்தம் கேக்கல அக்கா. இங்க அது என்ன வேலை பார்க்குது? சப்ஜெக்டா, ஆப்ஜெக்டா?"

பானுமதி போர்டைப் பார்த்தாள். சீலிங்கைப் பார்த்தாள். "ஆப்ஜெக்ட்டா?"

"காரு ஆப்ஜெக்ட்டுக்கா. சூரியன் எதைச் சூடாக்குச்சு? காரை."

"அப்ப இந்த ஹாட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சு? எப்படி ஆக்குச்சு, சூடா ஆக்குச்சு. எப்படின்னு கேட்டா அந்த அட்வெர்பியலுதானே?"

"இல்லக்கா, அதுவும் இல்ல."

"என்னத்தா நீ, அதுவும் இல்ல இதுவும் இல்லங்கிற. எனக்கு வெளங்கல. மகனுக்கு வேற ட்யூஷன் பார்த்துக்கிறேன் போ."

புலிக்கு மாணவி தப்பித்துப் போவது பொறுக்கவில்லை. நல்ல வாத்தியாராகப் போகிற எவருக்கும் வருகிற கோபம்தான் வசந்தகுமாரிக்கும் வந்தது. பக்கத்தில் கிடந்த சுஷ்மிதாவின் மர ஸ்கேலை எடுத்தாள். டீப்பாயில் டக்கென்று ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் கேட்டதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய வாய்ப்பாட்டு ராகம், எதிரே இருப்பவர்களையோ எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையோ கேட்காமல் வந்தது.

"யாரு எதுன்னா எஸ்ஸு!" டக். "என்ன செஞ்சான்னா வீயி!" டக்.

பானுமதியின் முகத்தில் விளக்கெரிந்தது. திருமங்கலத்துத் தொண்டை அது, சேர்ந்துகொள்ள நேரம் எடுக்கவில்லை. "யாரை எதைன்னா ஓவு!" என்று கையால் சோபாவில் தட்டினாள். ஜெயலட்சுமியின் பேனா முனையும் தலையை ஆட்டியது.

"எங்க எப்ப எப்படின்னா ஏயி!" என்றார்கள் சேர்ந்து. டக்.

ஸ்கேல் அடுத்த தட்டுக்கு மேலே போனது. மேலேயே நின்றுவிட்டது.

அறைக் கதவருகே சுஷ்மிதா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஐபேட். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா இவ்வளவு சத்தமாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. வசந்தகுமாரிக்குக் கையில் இருப்பது என்ன, தான் சொல்லிக்கொண்டிருப்பது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. எந்தக் கொடைக்கானல் சிஸ்டர் வீயி, ஓவு, ஏயி என்று சொல்லிக்கொடுப்பாள்? மேகமும் பைன் மரமும் கேக்கும் டீப்பாய் மேல் பொலபொலவென்று உதிர்ந்தன. பேர் தெரிஞ்சா அது நம்ம ஆளு என்று முட்டைத் தோசையோடு சொன்ன புருஷன் ஞாபகத்துக்கு வந்தார். எதிரே சந்தியாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது, அந்தரத்தில் நின்ற ஸ்கேலுக்குக் கீழே, ஒரு குரல் பாட்டை முடித்து வைத்தது.

"எதுலயும் சேராத எச்சம் மிச்சம் சீயி!"

ராகம் பிசகவில்லை. 'சீயி'யின் இழுப்புக்கூடக் குறையவில்லை. கை வேறு தொடையில் டக்கென்று தட்டியிருந்தது. குரல் கசங்காத லினன் சட்டைக்குள்ளிருந்து வந்திருந்தது.

சந்தியா வாயைக் கையால் மூடினாள். அது லேட். சீயி வெளியே வந்து, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போர்டில் இருந்த 'ஹாட்' மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் உதட்டுச்சாயமோ செருப்போ கைப்பையோ அளக்கப்படவில்லை. கத்தியை ஓங்கிய இரண்டு பேரும் கத்தியில் ஒரே கடை முத்திரையைப் பார்த்தால் எப்படி விழிப்பார்களோ அப்படி விழித்தார்கள்.

கணக்கில் வராத ஆள் பானுமதிதான்.

"ஏத்தா வசந்தி" என்றாள், வெள்ளந்தியாகவா வேண்டுமென்றேவா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. "கான்வென்ட்லயும் இதே பாட்டுத்தானா? எங்க திருமங்கலம் கவர்மென்ட் ஸ்கூல்ல மாடசாமி வாத்தியாரு இதைத்தான் ஸ்கேலால அடிச்சு அடிச்சுச் சொல்லித் தருவாரு."

வசந்தகுமாரி ஸ்கேலைக் கீழே வைத்தாள். பதில் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது.

"ஆமாக்கா" என்றாள் சந்தியா. "எல்லா கான்வென்ட்லயும் இதான். கான்வென்ட்ல இருந்துதான் கவர்மென்ட் ஸ்கூலுக்கே போச்சு."

"கரெக்ட்" என்றாள் வசந்தகுமாரி. "பேசிக்கலி, சிஸ்டர்ஸ்தான் ஃபர்ஸ்ட் கண்டுபிடிச்சது."

"சிஸ்டரா எச்சம் மிச்சம்னு சொன்னாங்க?"

"தமிழ் சிஸ்டர் அக்கா" என்றார்கள் இரண்டு பேரும், ஒத்திகை பார்த்த மாதிரி.

கதவருகே நின்ற சுஷ்மிதா உள்ளே வந்தாள். "மம்மி, வாட் வாஸ் தட் சாங்?"

இந்தக் கேள்விக்குத்தான் வசந்தகுமாரி வாரம் முழுக்கப் பயந்திருந்தாள். கேள்வி வந்தபோது சந்தியா எழுந்து போய்க் குழந்தையின் தோளில் கைவைத்து, தன்னால் முடிந்த அளவுக்கு மூக்கால் சொன்னாள்: "தட் இஸ் அவர் ஸ்கூல் ஆந்தம், டார்லிங்."

சுஷ்மிதாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அம்மாவும் ஆன்ட்டியும் ஒரே போர்டிங் ஸ்கூலா என்று கேட்டாள். பானுமதியும் அதையே, கண்ணைச் சிமிட்டாமல், தமிழில் கேட்டாள். அம்மாவும் ஆன்ட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழி?

அன்றோடு சந்தியாவுக்குச் சென்னைக் கான்வென்ட் போய்விட்டது. அவளும் கொடைக்கானலுக்கு மாறிவிட்டாள். சமோசா ஆறிப்போயிருந்தாலும் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

வகுப்பு நின்றதா என்றால், எங்கே நின்றது? பானுமதி விட்டால்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்து, இலக்கணம் ஒரு காதிலும் கான்வென்ட் கதை இன்னொரு காதிலுமாகக் கேட்கிறாள். "அந்த போர்டிங்ல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூமா? சாப்பாடு என்ன போடுவாங்க? ஞாயித்துக்கெழமை கேக்குன்னியே, முட்டை போட்டதா போடாததா?" இருவரும் மாற்றி மாற்றிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருத்தி முட்டை போட்டது என்றால் மற்றவள் உடனே தலையாட்ட வேண்டும். முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தியா ஐந்தாம் மாடிக்கு வருகிறாள். கட்டடமே பார்த்து அதிசயிக்கிறது: வசந்தியும் சந்தியாவும் இப்படி ஒட்டிக்கொண்டார்களே என்று. சிறைக்குள் ஒரே விலங்கில் மாட்டியவர்களும் ஒட்டித்தான் இருப்பார்கள், அதைப் பார்த்து நட்பு என்று யாராவது சொல்வார்களா?

வசந்தகுமாரிக்குப் போகவிருந்த மானம் போகாமலே திரும்பி வந்தது. சுஷ்மிதாவின் கட்டுரை இன்னும் வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது. மேகத்துக்கு நடுவே நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில் இப்போது லினன் சட்டை போட்ட இன்னொரு பொம்மையும் வரைந்திருக்கிறாள். பானுமதியின் மகனுக்கு இலக்கணத்தில் நல்ல மார்க். அவனிடம் டீச்சர் எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்க, அவன் பெஞ்சில் தட்டிப் பாடிக் காட்டியிருக்கிறான். வகுப்பே இப்போது பாடுகிறது என்று கேள்வி. ஒரு லெபனான் பையன் சீயியை நன்றாக இழுக்கிறானாம்.

இவ்வளவு ஆன பிறகும் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. கேக்கில் முட்டை உண்டா என்பது வரை முடிவு செய்தவர்கள், கேக்கே கிடையாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வாரம் பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கீழே பக்காலா மளிகைக் கடையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டு இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். வேறு யாரும் இல்லை. கதவு மூடியதும் சந்தியா, மாடி நம்பரைப் பார்த்தபடியே, தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்களுக்கு யாரு எடுத்தது? சாரா?"

வசந்தகுமாரியும் நம்பரையே பார்த்தாள்.

"எந்த சாரு? எங்களுக்கெல்லாம் சிஸ்டர்தான்."

லிஃப்ட் ஒரு மாடி தாண்டியது.

"எங்களுக்கும் சிஸ்டர்தான்" என்றாள் சந்தியா. "ஆனா எங்க சிஸ்டர் வேட்டி கட்டியிருப்பாங்க."

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. சந்தியா வெளியே கால் வைத்தாள். வசந்தகுமாரி பொத்தானை அழுத்திக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு, கொத்தமல்லிக் கட்டால் வாயை மறைத்தபடி சொன்னாள்:

"எங்க சிஸ்டருக்கு மீசையும் உண்டு."